லேசருக்கும் வேண்டும் ஒரு வடிகட்டி!

(மூன்றாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன்)



லேசரின் குணங்கள் என்ன என்று வைவாவில் கேட்டால் நாம் எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவோம். ஒற்றை நிறம், ஒரே திசை, ஓரியல்பு. பின்னால் வருகிற இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதலில் சொன்னோமே "ஒற்றை நிறம்" என்று, அதில்தான் வில்லங்கம் இருக்கிறது. பாடப்புத்தகத்து லேசர் ஒற்றை நிறம். நம் கைக்கு வருகிற லேசர் அப்படி இல்லை. தான் தரவேண்டிய நிறத்தோடு, யாரும் கேட்காத சில நிறங்களையும் அது கூட்டிக்கொண்டு வருகிறது. அவற்றில் சில கண்ணுக்குத் தெரியும். சில தெரியாது. தெரியாததுதான் பெரிய தலைவலி.

இந்த வேண்டாத ஒளியை எடுத்துவிட, லேசரின் வாசலிலேயே ஒரு சிறு கண்ணாடித் துண்டை வைக்கிறார்கள். அதற்கு கிளீன்-அப் ஃபில்டர் என்று பெயர். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"என்னடா இது, தண்ணியை வடிகட்டலாம், காபியை வடிகட்டலாம், லைட்டைப் போய் வடிகட்டுறதா?" என்று என் அப்பா கேட்டார். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் வேலை பார்ப்பவர். அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். மில்லுக்கு வருகிற பேலில் பஞ்சு மட்டுமா இருக்கிறது? இலைத்தூள், விதைத் துணுக்கு, மண் எல்லாம் இருக்கிறது. ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் அதெல்லாம் போய்விடும். அதற்கப்புறம் கோம்பர் எதற்கு? கோம்பர் எடுப்பது அழுக்கை அல்ல. பஞ்சிலேயே நீளம் குறைந்த இழைகளை எடுக்கிறது. அதுவும் பஞ்சுதான், ஆனால் நயம் நூலுக்கு ஆகாத பஞ்சு. ஒளி வடிகட்டியும் இந்தக் கோம்பர் ஜாதிதான். அங்கே இழையின் நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள், இங்கே அலையின் நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள். அப்பா "அப்படிச் சொல்லு" என்றார்.

சரி, லேசரில் இந்தக் கழிவு எங்கிருந்து வருகிறது? லேசருக்கு லேசர் வேறுபடும். ஹீலியம்-நியான் லேசரை எடுத்துக்கொள்ளுங்கள். 632.8 நானோமீட்டர் சிவப்புக் கற்றை அதிலிருந்து வருகிறது. ஆனால் குழாய்க்குள் நடப்பது வாயு மின்னிறக்கம், அதாவது கடைவீதி நியான் போர்டில் நடக்கிற அதே சமாச்சாரம். அந்த வாயுவின் மற்ற நிறமாலை வரிகளும் கொஞ்சம் கொஞ்சம் முன்பக்கம் வந்துவிடும். ஆர்கான் லேசரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதன் 488, 514.5 நானோமீட்டர் கற்றைகளைச் சுற்றி ஏகப்பட்ட பிளாஸ்மா வரிகள். டயோடு லேசரில் கதையே வேறு. அது பாதி எல்.இ.டி. மாதிரி. லேசர் வரியின் காலடியில், இருபுறமும் அகலமாக ஒரு மங்கலான ஒளி படர்ந்திருக்கும். பச்சை லேசர் பாயின்டரில் இருப்பதோ இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் விஷயம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

அதற்கு முன்னால் நம்ம பக்கத்து ஆள் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகிற ரோட்டில் கிருஷ்ணன்கோவிலில் திரும்பினால் வத்திராயிருப்பு. அந்த ஊரில் 1898 டிசம்பர் 4-ல் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சொந்த ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை, சென்னை, அங்கிருந்து கல்கத்தா. கல்கத்தாவில் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி. ராமனுடன் சேர்ந்தார். ராமன் விளைவு என்றால் நமக்கு பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம் ஞாபகம் வரும், ஒரு மார்க் கேள்வி ஞாபகம் வரும். ஆனால் அந்தச் சோதனையின் உயிர்நாடியே இரண்டு வடிகட்டிகள்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

1928-ல் லேசர் கிடையாது. அவர்களிடம் இருந்தது சூரிய ஒளி. அதை 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொலைநோக்கி லென்ஸால் குவித்து, இன்னொரு லென்ஸ் வழியாக, நன்றாகச் சுத்தம் செய்த திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். திரவத்துக்குள் ஒளி போகிற தடம் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் தெரியும். இப்போது வழியில் ஒரு ஊதா-நீல வடிகட்டி வைத்தார்கள். நீல ஒளி மட்டும் உள்ளே போகும். அதன் கூடவே ஒரு மஞ்சள்-பச்சை வடிகட்டியையும் வைத்தால்? முதலாவது விடுவதை இரண்டாவது விடாது. இரண்டாவது விடுவது முதலாவதிலேயே நின்றுவிட்டது. ஆக உள்ளே ஒன்றும் போகாது. தடம் அணைந்துவிடும்.

இனிமேல்தான் சூட்சுமம். அந்த மஞ்சள்-பச்சை வடிகட்டியை எடுத்து, திரவத்துக்கும் பார்ப்பவரின் கண்ணுக்கும் நடுவில் வைத்தார்கள். வடிகட்டிகள் அதே இரண்டுதான், இடம்தான் மாறியது. திரவத்துக்குள் போவது நீலம் மட்டும். சிதறி வருவதும் நீலமாகவே இருந்தால், கண் முன்னால் உள்ள மஞ்சள் வடிகட்டி அதை விழுங்கிவிட வேண்டும், தடம் தெரியக்கூடாது. ஆனால் தெரிந்தது! மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அப்படியானால் திரவத்துக்குள்ளே ஏதோ நடந்து, நீலத்தில் கொஞ்சம் வேறு நிறமாக மாறி வெளியே வருகிறது என்று அர்த்தம்.

இதே மங்கல் ஒளியை 1923-லேயே ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் பார்த்திருந்தார். திரவத்தில் இருக்கிற அழுக்கு ஒளிர்வதாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தார்கள். திரும்பத் திரும்ப வடித்துச் சுத்தம் செய்தும் அது போகவில்லை. 1928-ல் சுமார் அறுபது திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய சிறு கடிதம் 1928 மார்ச் 31-ல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. 1930-ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கு மட்டும். கிருஷ்ணனுக்கும் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. (ஊர்ப்பாசம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.) அவர் பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அமெரிக்காவில் மெய்மன் முதல் லேசரை ஒளிரவைத்தது 1960 மே 16-ல். கிருஷ்ணன் காலமானது 1961 ஜூனில்.

இந்த இரண்டு வடிகட்டிச் சமாச்சாரம் இன்றைக்கும் மாறவில்லை. சூரியன் போய் லேசர் வந்தது, கண் போய் கேமரா சிப் வந்தது, அவ்வளவுதான். இன்றைய ராமன் நிறமாலைமானி எதைத் திறந்து பார்த்தாலும் மாதிரிக்கு முன்னால் ஒரு ஃபில்டர், மாதிரிக்குப் பின்னால் ஒரு ஃபில்டர். முன்னால் இருப்பது கிளீன்-அப் ஃபில்டர். லேசர் வரியை மட்டும் விட்டு, மற்றதை நிறுத்தும். பின்னால் இருப்பது அதற்கு நேர் எதிர். லேசர் வரியை மட்டும் நிறுத்தி, மற்றதை விடும்.

"லேசர்தான் சுத்தமான ஒளியாச்சே, முன்னால் உள்ள ஃபில்டர் எதுக்கு மாப்ள?" என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். கணக்குப் போட்டால் புரியும். சிதறுகிற ஒளியில் ராமன் ஒளி சுமார் ஒரு கோடியில் ஒரு பங்குதான். லேசரின் பின்புல ஒளி லட்சத்தில் ஒரு பங்கு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கும். ஆனால் நாம் தேடுகிற ஒளியைவிட அது நூறு மடங்கு பெரிது! பென்சீனை 532 நானோமீட்டர் பச்சை லேசரால் சோதித்தால் அதன் முக்கியமான ராமன் வரி சுமார் 561.6 நானோமீட்டரில் விழும். லேசரே அந்த இடத்தில் கொஞ்சம் ஒளியைக் கசியவிட்டால், பார்ப்பது பென்சீனையா லேசரையா என்று யார் சொல்வது? 1923-ல் வந்த அதே சந்தேகம்தான், இந்த முறை திரவத்தின் மேல் அல்ல, விளக்கின் மேல்.

இன்னொரு விஷயம். லேசரை ஆப்டிகல் ஃபைபர் வழியாகக் கொண்டுபோனால் ஃபைபரின் சிலிக்காவே தன் பங்குக்கு ராமன் ஒளியை உண்டாக்கிவிடும். எனவே ஃபில்டரை ஃபைபருக்குப் பிறகுதான், மாதிரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். லேசர் வாயிலில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இப்போது ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ராமனும் கிருஷ்ணனும் பயன்படுத்தியது வேண்டாத நிறத்தை உறிஞ்சுகிற வகை. இந்த வகையில் வண்ணக் கண்ணாடி மலிவு, எந்தக் கோணத்தில் வைத்தாலும் வேலை செய்யும். ஆனால் உறிஞ்சிய ஒளி வெப்பமாகிறது, சில கண்ணாடிகள் தாமே ஒளிரவும் செய்கின்றன. சுத்தம் செய்ய வந்தவனே குப்பை போடுகிற கதை. அதனால் நுட்பமான வேலைக்கு இன்டர்ஃபியரன்ஸ் ஃபில்டர்தான்.

மழை பெய்த ரோட்டில் டீசல் சிந்தியிருந்தால் வானவில் வளையங்கள் தெரியுமே, அதே தத்துவம்தான். மெல்லிய படலத்தின் மேல்பரப்பில் பட்டு வரும் அலையும் அடிப்பரப்பில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டும் அல்லது அழிக்கும். ஃபில்டரில் கண்ணாடியின் மேல் ஒளிவிலகல் எண் அதிகமுள்ள பொருளையும் குறைந்த பொருளையும் மாற்றி மாற்றிப் பல அடுக்காகப் பூசுகிறார்கள். ஒவ்வொரு அடுக்கின் தடிமனும், அந்தப் பொருளுக்குள் அலைநீளம் எவ்வளவோ அதில் கால்பங்கு. 532 நானோமீட்டருக்கு சிலிக்கா அடுக்கு சுமார் 91 நானோமீட்டர், டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 55. இப்படிப்பட்ட இரண்டு அடுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே அரை அலைநீளத் தடிமனில் ஓர் இடைவெளிப் படலம் வைத்தால், அந்த ஓர் அலைநீளம் மட்டும் கடந்து போகும். மற்றது திரும்பிப் போகும். கவனியுங்கள், உறிஞ்சப்படுவதில்லை, திரும்பிப் போகிறது. அது நேராக லேசருக்குள்ளேயே போனால் லேசர் தடுமாறும். அதனால் ஃபில்டரைத் துளி சாய்த்து வைப்பது வழக்கம்.

எவ்வளவு சாய்க்கலாம்? சாய்த்தால் கடத்தும் அலைநீளம் குறைகிற பக்கம் நகரும். சாய்கோணத்தின் சைன் மதிப்பை ஃபில்டரின் பயனுறு ஒளிவிலகல் எண்ணால் வகுத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றிலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, மைய அலைநீளத்தால் பெருக்குங்கள். அந்த எண் 2 என்று வைத்தால், 2 டிகிரி சாய்வுக்கு நகர்வு 0.08 நானோமீட்டர்தான். கவலையில்லை. 10 டிகிரி சாய்த்தால் 532 என்பது 530 ஆகிவிடும். ஃபில்டரின் மொத்த அகலமே 3 நானோமீட்டர், அதாவது மையத்துக்கு இருபுறமும் ஒன்றரை ஒன்றரை என்றால், நம் லேசர் எல்லைக்கு வெளியே நிற்கும். விலை கொடுத்து வாங்கிய ஃபில்டர், சுத்தம் செய்ய வேண்டிய ஒளியையே வாசலில் நிறுத்திவிடும்.

ஃபில்டர் வாங்கும்போது ஓ.டி. என்று ஒரு எண் சொல்வார்கள். ஆப்டிகல் டென்சிட்டி. இது மடக்கைக் கணக்கு. ஓ.டி. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு கடக்கும், 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று, 6 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. எந்த அலைநீளத்தில் அந்த ஓ.டி. என்று கேட்க மறக்காதீர்கள். பச்சையில் ஓ.டி. 6 இருக்கிற ஃபில்டர் அகச்சிவப்பை வழியனுப்பி வைக்கலாம்.

இனி பச்சை பாயின்டருக்கு வருவோம். ஆடிப்பூரத் தேரோட்டம் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பலூன், பால்கோவா, ஊதுகுழல் விற்கிற வரிசையில் பச்சை லேசரும் விற்கிறது. சின்னப் பையன்கள் அதை வாங்கி ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலை கோபுரத்தில் புள்ளி வைத்து விளையாடுகிறார்கள். கூட்டத்தில் எதிரே நிற்பவர் முகத்திலும் வைக்கிறார்கள்.

அந்தப் பச்சை எப்படி வருகிறது தெரியுமா? இந்த வகைப் பாயின்டரில் உள்ளே இருக்கிற டயோடு பச்சையைத் தருவதே இல்லை. அது தருவது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. அது நியோடிமியம் கலந்த ஒரு படிகத்தில் பாய்ந்து 1064 நானோமீட்டராகிறது. அதுவும் அகச்சிவப்பு. பிறகு கே.டி.பி. என்ற இன்னொரு படிகம் 1064-ஐ இரண்டாக மடித்து 532 ஆக்குகிறது. அதுதான் பச்சை. ஒவ்வொரு கட்டத்திலும் மாறாமல் மிச்சமாகிற அகச்சிவப்பு வெளியே வராமல் இருக்க, முனையில் ஒரு சிறு ஃபில்டர் வேண்டும். செலவு மிச்சம் என்று சிலர் அதைப் போடுவதில்லை. படிகங்கள் சரியாகப் பொருந்தாமலும் போனால் பச்சை குறைந்து அகச்சிவப்பு கூடும். பார்ப்பவனுக்கு அது "டல் லேசர்". டல்லாக இருப்பதால் தைரியமாகப் பார்ப்பான்!

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனத்தார் 2010-ல் 15 டாலர் விலையுள்ள பச்சைப் பாயின்டர்களைச் சோதித்தபோது, மங்கலான பச்சை தந்த ஒன்றிலிருந்து சுமார் 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது. 2013-ல் அதே நிறுவனம் 122 பாயின்டர்களைச் சோதித்தது. பச்சையில் கிட்டத்தட்ட 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்நாட்டு விதிகளுக்குள் அடங்கவில்லை.

20 மில்லிவாட் பெரிதா? கண்ணுக்குத் தெரியும் லேசரில் 1 மில்லிவாட் வரை ஓரளவு பாதுகாப்பு என்று வைத்திருப்பதற்குக் காரணம், கூசியவுடன் கால் வினாடிக்குள் நாம் கண்ணை மூடிவிடுவோம் என்பதுதான். அகச்சிவப்பு கூசாது. கண்ணும் மூடாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் அழகாகக் குவித்து விழித்திரையில் வைக்கும். சுட்ட இடத்தில் வலிகூட இருக்காது. "கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டா போச்சு" என்று சொல்லாதீர்கள். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்று உத்தரவாதம் இல்லை, இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் அதிகமாக உள்ளே விடும்.

இதை நம் லேபிலேயே சோதிக்க முடியும். நாங்கள் மூன்று பாயின்டர்களைச் சோதித்தோம். ஒரு வெள்ளை அட்டையில் ஓட்டை போட்டு, அதன் வழியாகக் கற்றையை 10 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்திய ஒரு சி.டி.யின் மேல் நேராகப் பாய்ச்ச வேண்டும். சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், ஆகவே அது நல்ல கிரேட்டிங். அட்டையில் பச்சையின் முதல் வரிசைப் புள்ளி ஓட்டையிலிருந்து சுமார் 3.5 சென்டிமீட்டரில் விழும். 808 இருந்தால் 5.8-ல் விழும், கண்ணுக்குத் தெரியாது. பழைய வெப்கேமில் லென்ஸுக்குப் பின்னால் உள்ள அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டால் அது கேமராவுக்குத் தெரியும். பாயின்டரை கிளாம்பில் பொருத்தி, கண் மட்டத்துக்குக் கீழே, பெட்டியால் மூடி, சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அட்டையை நேரில் பார்க்கக்கூடாது, கம்ப்யூட்டர் திரையில்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை. 1064-ன் முதல் வரிசை 8.9 சென்டிமீட்டரில் விழும். பச்சையின் இரண்டாம் வரிசையும் மிகச் சரியாக அதே இடத்தில் விழும், ஏனென்றால் 1064 என்பது 532-ன் இரட்டிப்பு. கிரேட்டிங்கால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. அதற்கும் ஃபில்டர்தான் வேண்டும். பழைய ஸ்லைடு புரொஜெக்டரில் வெப்பம் உறிஞ்சும் கண்ணாடி ஒன்று இருக்கும். அது பச்சையை விட்டு அகச்சிவப்பை நிறுத்தும். அதைப் பாயின்டர் முன்னால் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். 1064-க்கு கேமரா சிப் அரைக்குருடு என்பதால் அந்த மாற்றம் லேசாகத்தான் தெரியும். 808 அப்படி இல்லை. எங்கள் மூன்றில் ஒன்றில் 5.8-க்குப் பக்கத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. கண்ணாடியை வைத்தால் போனது, எடுத்தால் வந்தது. அந்தப் பாயின்டரின் முனையைக் கழற்றிப் பார்த்தபோது ஃபில்டர் இருக்க வேண்டிய பள்ளம் காலி. மேலே "5 மில்லிவாட்" என்று ஸ்டிக்கர் மட்டும் அழகாக ஒட்டியிருந்தது.

இப்போது நேரடியாகவே பச்சை தருகிற 520 நானோமீட்டர் டயோடுகள் வந்துவிட்டன. அவற்றில் 808, 1064 இரண்டுமே கிடையாது. பிரசன்டேஷனுக்குப் பாயின்டர் வாங்குகிறவர்கள் அலைநீளம் என்ன என்று கேட்டு வாங்குங்கள். 532 என்றால் அகச்சிவப்பு ஃபில்டர் உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் வாங்காதீர்கள்.

எங்கள் அட்டை, சி.டி., வெப்கேம் மூன்றும் இரண்டாவது பீரோவில் ஒரு ஷூ பெட்டியில் இருக்கின்றன. லேப் அண்ணனிடம் கேட்டால் எடுத்துத் தருவார். ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன்னால் டி.வி. ரிமோட் ஒன்றை வெப்கேமுக்கு நேராகப் பிடித்து அழுத்திப் பாருங்கள். முனையில் மின்னினால் கேமரா தயார்.